இரண்டு நெட்டும் ஒரு புளியமரமும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று மறந்துபோகும். மறந்தது சோறு வடிக்கும்போது ஞாபகம் வரும், அப்போது பேனா கையில் இருக்காது. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் அதிர்ச்சி அடங்கவில்லை என்பதுதான் காரணம். வீட்டுக்கு நெட் இழுத்த கதை இது. இதில் என்ன அதிர்ச்சி என்று கேட்பீர்கள். இழுப்பதற்கு முன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வீட்டில் நானும் என் மகளும்தான். அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வருகிற போன்களை எடுத்துப் பேசுகிற வேலை அவளுக்கு. எந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பார், வெறும் வயிற்றோடு வரவேண்டுமா, இதையெல்லாம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பாதிக் குடும்பம் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள். அந்தப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் கன்னடமும் அவளுக்குத் தமிழ் மாதிரியே வரும். அதனால் கிடைத்த வேலை.

போன வருடம் ஸ்கூட்டரில் போகும்போது சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் அறை மாடியில், லிஃப்ட் கிடையாது. வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் நடக்கிற அளவுக்கு வந்ததும் கம்பெனியில் கேட்டாள், வீட்டிலிருந்தே வேலை செய்யட்டுமா என்று. அவர்கள் சொன்ன பதில் இது: ஒரு மாதம் செய்து பார், பேச்சு நடுவில் அறுந்து லைன் விழாமல் இருந்தால் அப்படியே தொடரலாம்; விழுந்துகொண்டே இருந்தால் ஆபீசுக்கு வரவேண்டும்; வர முடியாது என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. என் பங்குக்கு இரண்டு ஆடும், பாதிப் புளியமரமும். மீதிப் பாதி பக்கத்து வீட்டில் இருக்கும் என் ஓரகத்திக்கு. வீட்டுக்காரரும் அவர் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது வரப்பில் நின்ற மரத்தைப் பிரிக்க முடியவில்லை.

"போன்தானே பேசப்போறே, அதுக்கு எதுக்குடி நெட்டு?" என்று மகளைக் கேட்டேன்.

"அம்மா, அது போன் இல்ல. கம்ப்யூட்டர்ல பேசறது. பேச்சு நெட்டு வழியாத்தான் போவுது. நெட்டு நின்னா நான் ஊமை."

பேச்சு மயிரிழை மாதிரி ஒரு கம்பிக்குள் போகிறது என்று கேட்டதே எனக்கு முதல் அதிர்ச்சி.

நெட் வாங்க மூன்று வழி இருந்தது. டிவி கேபிளுக்கு மாதாமாதம் காசு வாங்க வருகிற கேபிள்காரரே நெட்டும் தருகிறார். அது ஒன்று. டிவியில் அடிக்கொரு தரம் விளம்பரம் வருகிற ஒரு பெரிய கம்பெனி தருவது இன்னொன்று. அதற்கு ஆள் தர்மபுரியிலிருந்து வரவேண்டும். மூன்றாவதற்குக் கம்பியே கிடையாது. மொட்டை மாடியில் ஒரு தட்டை நிறுத்திவைத்தால் டவரிலிருந்து காற்றிலேயே வந்துவிடுமாம். அதை என் ஓரகத்தி வீட்டில் வைத்திருந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் அவள் மகன் முகம் பார்த்துப் பேசுவதற்காக வைத்துக் கொடுத்தது.

என் மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டு விசாரித்தாள். காய்கறி வாங்குவதில்கூட அவ்வளவு விசாரணை நான் செய்தது கிடையாது. விளம்பரத்தில் சொல்லும் விலை ஒன்று, வரி சேர்த்தால் வேறு. முதல் மூன்று மாதத்துக்கு ஒரு விலை, பிறகு அது ஏறிக்கொள்ளும். வருடத்துக்கும் சேர்த்து முன்னாலேயே கட்டினால் வீட்டில் வைக்கிற நெட் பெட்டி இலவசம், மாதாமாதம் என்றால் பெட்டிக்குத் தனியாக முன்பணம். கேபிள்காரர் லைன்தான் எல்லாவற்றையும்விட மலிவு, ரசீது எதுவும் கிடையாது. ஆனால் வாத்தியார் வீட்டில் அதே லைனுக்கு எங்களிடம் சொன்னதைவிடக் குறைவாக வாங்குகிறார் என்று தெரியவந்தது. மளிகைக்கடைக்கு அதைவிடக் குறைவு.

டிவி காசு வாங்க வந்தபோது என் மகள் அவரை நிறுத்திக் கேட்டாள். "ஏங்க, ஒரே ஒயரு, ஒரே வேகம், மூணு வூட்டுக்கு மூணு வெலையா?"

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அவங்க கொறச்சிக் கேட்டாங்க மேடம், கொறச்சன். ஆயா எப்பவும் கேக்கறதில்ல. சொன்னத குடுத்துருவாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டிவிக்கும் அப்படித்தானா என்று கேட்கவேண்டும் போல் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "டிவிக்கு அடுத்த மாசத்துலருந்து பாத்துக்கலாங்க ஆயா" என்றார். அப்படியென்றால் டிவிக்கும் அப்படித்தான்.

விலையையாவது ஒருவழியாகத் தெரிந்துகொண்டாள். லைன் எத்தனை தடவை விழும் என்பதைத்தான் யாரிடமிருந்தும் வாங்க முடியவில்லை. கம்பெனியில் கேட்டால், விழாது என்றார்கள். வைத்திருக்கிற வீடுகளில் கேட்டால், "அதெல்லாம் போவாது. போனா வந்துரும்" என்றார்கள். என் ஓரகத்தியிடம் வாசலில் நின்றபடி கேட்டதற்கு, "மழ வந்தா போவும், காத்து அடிச்சா போவும், சாயங்காலம் எல்லாரும் நாடகம் பாக்கறப்ப மாடு மாதிரி நவுரும். மத்தபடி நல்லாத்தான் இருக்குது" என்றாள். அதைக் கேட்டு என் மகள் மாடித் தட்டை வேண்டாம் என்று கடைசியில் தள்ளிவிட்டாள்.

அவள் எடுத்த முடிவு இதுதான். ஒன்றை நம்பக்கூடாது. கேபிள்காரர் லைன் ஒன்று, விளம்பரக் கம்பெனி லைன் ஒன்று, இரண்டும் இருக்கட்டும். ஒன்று விழுந்தால் மற்றொன்று தாங்கும். செலவு கூடத்தான். வேலை போவதற்கு அது மேல் என்றாள். கரண்ட் போனாலும் ஓடுவதற்கு இரண்டு பெட்டிக்கும் குட்டி பேட்டரி வாங்கினாள். எனக்கு அவள் புத்தியை நினைத்துப் பெருமையாக இருந்தது. ஒற்றைக் காலில் எந்தக் கட்டில் நிற்கும்?

கேபிள்காரர் முதலில் வந்து இழுத்தார். தெருக்கோடியில் இருக்கும் கம்பத்திலிருந்து எங்கள் வீடு தூரம். நடுவில் கம்பம் கிடையாது, புளியமரம்தான். அதன் கிளையில் கட்டி அங்கிருந்து கூரைக்குக் கொண்டுவந்தார். முன்னறையில் மாதா படம் வைத்திருக்கும் மாடத்துக்குப் பக்கத்தில்தான் சுவர் இளகியிருந்தது. அங்கே ஓட்டை போட்டார். வேண்டாம் என்று சொல்ல நினைத்துக்கொண்டே இருந்தேன், அதற்குள் போட்டுவிட்டார். அடுத்த வாரம் விளம்பரக் கம்பெனி ஆள் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு தர்மபுரியிலிருந்து வந்தார். வழி காட்டுவதற்கு என்று கேபிள்காரரும் கூட வந்தார். இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். யார் மரத்தில் ஏறினார்கள், யார் கீழே நின்றார்கள் என்று நான் கவனிக்கவில்லை. இரண்டாவது பெட்டியும் மாதா காலடியில் வந்து உட்கார்ந்தது.

என் ஓரகத்தி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "என்னாக்கா, மாதாவுக்கு சீரியல் பல்பு போட்டுட்டீங்களா? திருநாளு வர இன்னும் நாளு கெடக்குதே" என்று சிரித்தாள்.

பிறகு வேகத்தைப் பார்த்தோம். போனில் வண்டி மீட்டர் மாதிரி ஒரு முள் வருகிறது. பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் முள் துள்ளிக்கொண்டு மேலே போனது. வேகம் நூறு என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தார்கள், அந்த நூறைத் தொடாவிட்டாலும் பக்கத்தில் போய் நின்றது. அதே போனை என் மகள் படுக்கிற உள்ளறைக்கு எடுத்துப் போனோம். முள் எழுந்திருக்கவே இல்லை. நான் பெட்டி கெட்டுவிட்டது என்று பயந்துவிட்டேன்.

"பொட்டி கெடல அம்மா. செவுரு. உங்க மாமனாரு கல்லும் மண்ணும் போட்டு மொழங்கை அகலத்துக்குக் கட்டிவெச்சிருக்காரு. நூறுங்கறது பொட்டி வரைக்கும் நூறு. செவுத்துக்கு இந்தப் பக்கம் நம்ம பாடு."

காசு வாங்குகிற யாரும் எங்கள் சுவரைப் பற்றிக் கேட்கவே இல்லை. கட்டிலை முன்னறைக்கு இழுத்துப் போட்டோம். அவள் மேசை மாதா மாடத்துக்கு நேர் கீழே வந்தது. அதற்குப் பிறகு அவள் பேசுகிற நேரம் முழுவதும் நான் செபமாலையை உதடு மட்டும் அசைத்துத்தான் சொன்னேன். பேசுவதற்கு அவள் தலையில் மாட்டிக்கொள்கிற காதுக்கருவியில் சின்னச் சத்தம்கூடப் போய்விடுமாம். மாதாவிடம் பேசவே குரலைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. கண்ணும் மாதா முகத்தில் நிற்கவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும். பச்சை என்றால் என் மகள் வீட்டில் இருப்பாள். சிவப்பு என்றால் போய்விடுவாள். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

ஆபீசில் கொடுத்த அந்த ஒரு மாதத்தில் ஒருநாள் இடி இடித்து மழை பெய்தபோது ஒரு லைன் போய், அவள் மற்றொன்றுக்கு மாற்றுவதற்குள் பேச்சு பாதியில் அறுந்துவிட்டது. அதற்கே பெங்களூரிலிருந்து அவளுக்கு மேலே இருக்கும் சூப்பர்வைசர் அம்மா கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி நடந்தால் தன்னால் அவளுக்காகப் பேச முடியாது, மேனேஜர்தான் முடிவெடுப்பார் என்று சொல்லிவிட்டார். மாதம் முடிய ஒரு வாரமோ என்னவோ மிச்சம் இருந்தது. தவக்காலம் தொடங்கியிருந்தது. புளியும் பழுத்திருந்தது.

புளி விஷயத்தில் எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. மரத்தைக் காய்ப்புக்கு முன்னாலேயே குத்தகைக்குக் கொடுத்துவிடுவோம். குத்தகைக்காரர் ஆள் கூட்டிவந்து கிளையில் ஏறி உலுக்குவார், எட்டாததை நீளக் கழியால் அடிப்பார். உலுக்குவதற்கு முந்தின சாயங்காலம் தெருவில் நடந்துகொண்டே சத்தம் போடுவார். மரத்தில் யார் எதைக் கட்டியிருந்தாலும் அவிழ்த்துக்கொள்ள வேண்டும். ஆடு, மாடு, துணிக்கொடி, பிள்ளைத் தூளி எதுவானாலும் சரி. சத்தம் போட்ட பிறகும் அவிழ்க்காமல் விட்டது அறுந்தாலும் உடைந்தாலும் குத்தகைக்காரரைக் கேட்கக்கூடாது. என் மாமியார் காலத்திலிருந்து அப்படித்தான்.

அந்தச் சாயங்காலமும் அவர் சத்தம் போட்டார். "நாளைக்குப் புளி உலுக்கறோம், கட்டனதெல்லாம் அவுத்துக்கங்கோ." நான் போய் இரண்டு ஆட்டையும் அவிழ்த்து வந்தேன். என் ஓரகத்தி துணிக்கொடியை அவிழ்த்தாள். மரத்தை ஒரு சுற்று சுற்றியும் பார்த்தேன். கீழேதான் பார்த்தேன்.

மறுநாள் காலை சாப்பாடு முடிந்து என் மகள் வேலையில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ வயசானவர், கண் ஆபரேஷனுக்கு நாள் கேட்டுப் பேசிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. "ஹேளி அஜ்ஜா, ஹேளி" என்று அவள் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லுங்க தாத்தா என்று அர்த்தம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று "ஹலோ, ஹலோ" என்றாள். நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தேன். ஒரு பெட்டியில் சிவப்பு. ஒன்று போனால் மற்றொன்று இருக்கிறதே என்று பக்கத்துப் பெட்டியைப் பார்த்தேன். அதிலும் சிவப்பு. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மேலே பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, ரெண்டுமே போச்சு" என்றாள் என் மகள். "ரெண்டும் எப்படி அம்மா ஒண்ணா போவும்? வேற வேற கம்பெனி."

வெளியே கழி அடிக்கிற சத்தம் கேட்டது. கீரையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மரத்தடி முழுவதும் புளி. அதன் நடுவே கறுப்பாக ஒயர் சுருண்டு கிடந்தது, ஒரு முனை கூரையில் தொங்கியது. ஒரே ஒயர். இன்னொன்று எங்கே என்று தேடினேன். மரத்தில் வேறு எதுவும் இல்லை.

குத்தகைக்காரர் கழியை ஊன்றிக்கொண்டு வந்தார். "என்னாங்க ஆயா, நேத்தே சத்தம் போட்டன் இல்ல, கட்டனதெல்லாம் அவுத்துக்கச் சொல்லி?"

"ஆட்டை அவுத்துட்டன்..." என்றேன்.

"ஒயரயும் அவுத்திருக்கணும்."

பழக்கப்படி அவர் சொல்வது நியாயம்தான். கிளையில் இருந்தவன் மேலேயிருந்து, "இந்தக் காலத்துல மரத்துல என்னென்னா கட்டறாங்கப்பா" என்றான்.

நான் உள்ளே வந்தபோது என் மகள் கேபிள்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுதான் நிற்கும், அதனால் ஸ்பீக்கரில் போட்டுக் கத்திக்கொண்டிருந்தாள். அவர் அதியமான்கோட்டைப் பக்கம் வேறொரு இடத்தில் ஒயர் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும் சாயங்காலம் வருவதாகவும் சொன்னார். அவள் வைத்துவிட்டு விளம்பரக் கம்பெனிக்குப் போட்டாள். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் புகார் பதிவாகிவிட்டது, உங்கள் பகுதி டெக்னீஷியன் நம்பர் மெசேஜில் வரும் என்றது. நம்பர் வந்தது. அவள் அதைத் தட்டினாள்.

"சொல்லுங்க மேடம், இப்பத்தான பேசனீங்க" என்றது அந்தப் பக்கம். கேபிள்காரர் குரல்.

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"அண்ணா, நான் அந்தக் கம்பெனிக்குப் போன் பண்ணன்" என்றாள் என் மகள்.

"இந்த ஏரியாவுக்கு அதுக்கும் நான்தாங்க மேடம்."

"ஒயரு?"

"ஒயரு ஒண்ணுதாங்க. உள்ள ரெண்டு இழை வெச்சது. தனியா ஒண்ணு இழுத்தா செலவு யாரு குடுப்பா? பஸ்ஸு ரெண்டு வுடலாம், ரோடு ஒண்ணுதான் இருக்குது மேடம்."

இரண்டு கம்பெனி, இரண்டு விலை, இரண்டு பெட்டி, இரண்டு பேட்டரி. எல்லாம் ஒரு புளியங்கிளையில் தொங்கியிருக்கிறது. இத்தனை விசாரித்தாளே, ஒயர் எந்த வழியாக வரும் என்று மட்டும் அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மரம் என் மரம். தினமும் அதன் கீழேதான் நடக்கிறேன்.

என் மகள் அழவில்லை. "அவ்ளோதான் அம்மா. சாயங்காலம் வரைக்கும் ஆவாது. துணிப் பொட்டிய எடுத்து வெச்சிரு, பெங்களூரு போறதுக்கு" என்றாள். அந்த ஹாஸ்டல் படிகள் எனக்குக் கண்ணில் வந்தன. வாக்கரோடு அவள் அதில் எப்படி ஏறுவாள்? ஏறாவிட்டால் வேலை இல்லை.

பக்கத்து வீட்டு மாடியில் அந்தத் தட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது.

என் ஓரகத்திக்கும் எனக்கும் சண்டை என்று எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் போன பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறி ஒன்றைக் கேட்டதே கிடையாது. உறைமோர்கூட எதிர்வீட்டில்தான் வாங்குவேன். கேட்டால் அவள் கொடுப்பாள், ஆனால் நாலு சொல் சொல்லிவிட்டுக் கொடுப்பாள். அந்த நாலு சொல்லைத் தாங்க எனக்குத் தெம்பு கிடையாது. அன்றைக்கு எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. செருப்பு போடாமல் போயிருக்கிறேன், உள்ளங்காலில் புளி ஓடு குத்தியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

அவள் முன்கூடத்தில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். முந்தின வாரம் வேறு மரத்தில் இறக்கிய புளி. சின்னச் சுத்தியலால் தட்டிக் கொட்டையை எடுக்கிற வேலை.

வாசலில் நின்றேன்.

"என்னாக்கா, அதிசயமா இருக்குது! வூடு மாறி வந்துட்டீங்களா?" என்றாள்.

"உங்க நெட்டு..." என்றேன்.

"எங்க நெட்டா? ரெண்டு லைன் வெச்சிருக்கற பெரிய வூட்டுக்காரங்க, எங்க வூட்டு மாட்டு நெட்டத் தேடிக்கிட்டு வந்திருக்கீங்களே?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டும் போச்சு. ஒயரு அறுந்துபோச்சு. இன்னிக்குப் பேசலன்னா பாப்பாவுக்கு வேல போயிரும்" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவ்வளவு நீளமாக அவளிடம் நான் பேசி எத்தனையோ வருடம் இருக்கும்.

அவள் சுத்தியலை வைத்துவிட்டு எழுந்தாள். "அத மொதல்ல சொல்றதுக்கு என்னா? வாசல்ல நின்னு சிலுவப்பாடு செஞ்சிக்கிட்டு இருக்கீங்க. ஏண்டி, எழுந்திருங்கடி, புளிய இழுங்க அந்தப் பக்கம். ஆளுக்கொரு கை புடிங்க, பாப்பாவக் கூட்டியாருவோம்."

என் மகளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். ஒருத்தி கம்ப்யூட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்தாள். எப்படியோ இணைத்துவிட்டாள் என் மகள். முள்ளைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் காட்டியதில் பாதிகூட இல்லை. "பேச இது போதும்" என்றாள். அவ்வளவு வேகத்துக்குக் காசு கொடுத்தோமே, பேசுவதற்கு அதில் கால்வாசி போதும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதுவும் ஒரு அதிர்ச்சி.

அந்த அஜ்ஜாவையே முதலில் கூப்பிட்டாள். அவள் கன்னடத்தில் மெதுவாக, கெஞ்சுகிற மாதிரிப் பேசினாள். என்னோடு அந்தக் குரலில் அவள் பேசுவதில்லை. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்கள். அடுத்த போன் சூப்பர்வைசர் அம்மாவுடையது. அந்த அம்மா ஏதோ கேட்க, என் மகள் எங்களைப் பார்த்தாள். பின்னால் டக் டக் என்று சத்தம் வருகிறதே, என்ன அது என்று கேட்டாராம். கூடத்து மூலையில் ஒரு கிழவி மட்டும் நிறுத்தாமல் தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கேட்காது. என் ஓரகத்தி போய் அவள் கையைப் பிடித்து, புளியோடும் சுத்தியலோடும் வேப்பமரத்தடிக்கு எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போனாள்.

"வேல முடியற வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. தும்மல் வந்தா ரோட்டுக்குப் போய்த் தும்முங்க" என்று அவள் வெளியே அதட்டியது எனக்குக் கேட்டது.

கேபிள்காரர் சாயங்காலம் வந்து ஒயரை ஒட்டிவிட்டார். அறுந்த இடம் மரத்தில் இருந்ததால் மறுபடி மரத்திலேயே கட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என் மகள் சூப்பர்வைசர் அம்மாவிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட்டாள். அந்த அம்மா மேனேஜரிடம் சொல்லியிருக்கிறார். லைன் விழுந்ததைவிட, இரண்டு லைனும் ஒரே வழியில் வருகிறது என்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லையாம். வேறு வழியில் வருகிற ஒன்று இருந்தால் ஆறு மாதத்துக்கு வீட்டிலிருந்து செய்யலாம், அதற்குப் பிறகு மறுபடி பார்ப்போம் என்றாராம். அதைக் கேட்டபோது நான் மாதாவைத் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் பெட்டி விளக்கைப் பார்க்காமல் மாதா முகத்தைப் பார்த்தேன்.

விளம்பரக் கம்பெனி லைனை நிறுத்திவிட்டு, கடைசியில் தள்ளிய மாடித் தட்டையே எங்கள் வீட்டுக்கும் கேட்டு எழுதினாள். வைக்க ஆள் வந்தது. யார் என்று நினைக்கிறீர்கள்? ஏணியைச் சாத்திக்கொண்டு கேபிள்காரர் நின்றார்.

"மூணுக்கும் நான்தாங்க ஆயா" என்றார். கொஞ்சம் கூச்சமாகத்தான் சொன்னார்.

இந்தத் தடவை என் மகள் விடவில்லை. "இதாவது வேற வழிதானே? டவருக்கு எங்கருந்து வருது?"

அவர் ஏணியில் பாதியில் நின்று யோசித்தார். "டவரு வரைக்கும் ஒயர்லதாங்க வருது மேடம். ஆனா அந்த ஒயரு உங்க மரத்து மேல வரல. சத்தியமா வரல."

"பின்ன எந்த வழியா வருது?"

"அது எனக்கே தெரியாதுங்க."

இத்தனை நாளாக மூன்று கம்பெனியும் தானே என்று நிற்கிறவருக்கே தெரியாது என்றால் பிறகு யாருக்குத் தெரியும்? நான் கையில் டீயோடு அப்படியே நின்றுவிட்டேன். டீ ஆறிப்போனது.

இப்போது என் மகள் வீட்டில்தான் இருக்கிறாள். வாக்கரை விட்டுவிட்டுக் கோல் ஊன்றி நடக்கிறாள். ஆறு மாதத் தவணை இன்னும் முடியவில்லை. ஓரகத்தி வாரத்துக்கு ஒருமுறை வந்து, "என்னாக்கா, எங்க மாட்டு நெட்டு உங்க வூட்லயும் நவுருதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

எனக்கு ஞாபகம் இருந்தவரை எழுதிவிட்டேன். விலையையெல்லாம் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நான் கேட்ட விலையும் நீங்கள் கேட்கிற விலையும் ஒன்றாக இருக்காது என்று இப்போது தெரியும். வேகத்தைப் பற்றியும், ஒரே ஒயருக்குள் இரண்டு இழை என்பதைப் பற்றியும் அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதியிருக்கிறேன். தப்பாக இருக்கும். இதில் விவரம் தெரிந்தவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள். முக்கியமாக ஒன்று. நல்லம்பள்ளிப் பக்கத்து டவருக்கு ஒயர் எந்த வழியாக வருகிறது, நடுவில் யாருடைய புளியமரமாவது இருக்கிறதா என்று மட்டும், அடுத்த உலுக்கலுக்கு முன்னால், யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.